சோறு இறங்காத நாளிலும் ஊசி



சென்ற மாதம் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்தது. எழுதியவருக்கு 52 வயது. கணவர் இல்லை. 11 வருடமாக நீரிழிவு, அதாவது எங்கள் சனம் சொல்கிற சீனி வருத்தம். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். "போன மாதம் காய்ச்சலும் இருமலும் வந்து எட்டு நாள் கிடந்தேன். கொரோனாவோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சீனி உள்ளவர்களைத்தான் கொரோனா தேடிப் பிடிக்கும், பிடித்தால் விடாது என்று இங்கே கதைக்கிறார்கள். அது உண்மையா? கொரோனா இன்னும் இருக்கிறதா?"

"பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை" என்ற அந்த வரியை நான் பல தடவை வாசித்தேன். பயந்தால் போகத்தானே வேண்டும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கேட்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது விளங்கும். அதனால் இம்முறை எழுத நினைத்திருந்த விடயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தச் சகோதரிக்கே பதில் எழுதுகிறேன். இதில் எனது குடும்பக் கதை ஒன்றும் வரும். அதில் பிழை விட்டது நான்தான்.

கொரோனா இன்னும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11ஆம் திகதி அதனை உலகம் முழுவதற்குமான பெருந்தொற்று என்று சொன்னது. 2023 மே 5ஆம் திகதி அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. முடிந்தது அவசரநிலைதான், வைரசு அல்ல. 2021ஆம் ஆண்டின் கடைசியில் வந்த ஒமிக்ரோன் வகையும் அதிலிருந்து பிறந்த வகைகளும் உலகெங்கும் தொடர்ந்து பரவி வந்திருக்கின்றன. தடுப்பூசி போட்டதாலும், பலருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போனதாலும் எமது உடம்புக்கு இந்த வைரசை ஓரளவு தெரியும். அதனால் 2021ஆம் ஆண்டில் கண்ட நிலைமை இன்று இல்லை. இந்த நாட்டில் மட்டும் 16,000க்கும் மேற்பட்டவர்களை அந்த நோய் கொண்டுபோனது. இப்போது பலருக்கு அது ஒரு தடிமனாக வந்து போகிறது. ஆனால் வயது போனவர்களுக்கும், இருதயமோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் அதைச் சும்மா தடிமன் என்று விட்டுவிட முடியாது.

சீனி உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும் என்பது சரியான கதை அல்ல. பஸ்ஸிலும் சந்தையிலும் பக்கத்தில் நின்று இருமுகிறவரிடமிருந்து அது எல்லோருக்கும் ஒரேமாதிரித்தான் வருகிறது. வேறுபாடு வந்த பிறகுதான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் 2020 மார்ச் 1 முதல் மே 11 வரை வைத்தியசாலைகளில் கொரோனாவால் இறந்தவர்களைக் கணக்கெடுத்தபோது, மூன்றில் ஒருவர் நீரிழிவு உள்ளவராக இருந்தார். வயது, வறுமை முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னரும், எம்மிடையே அதிகமாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இறப்பு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகவும், சிறுவயதிலேயே வரும் முதலாம் வகையினருக்கு மூன்றரை மடங்காகவும் இருந்தது. இது தடுப்பூசி வருவதற்கு முந்திய கணக்கு என்பதை மறக்கக்கூடாது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. நீரிழிவு இருந்தாலும் 40 வயதுக்குக் குறைந்தவர்களிடையே இறப்பு மிகவும் குறைவு. ஆகவே பிடித்தால் விடாது என்பதும் பிழை. கொரோனா வந்த நீரிழிவுக்காரரில் மிகப் பெரும்பாலானோர் சுகமாகி எழும்பியவர்கள்தான்.

இங்கிலாந்துக் கணக்கைச் சொல்கிறாயே, எங்கள் கணக்கு எங்கே என்று நீங்கள் கேட்கலாம். இலங்கையில் நீரிழிவு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு இருப்பதாகவும், அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கும் மேல் தமக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்ததாகவும் அதில் தெரியவந்தது. ஆனால் அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. எங்களை எண்ணவேயில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த நேரம் எண்ண வந்திருந்தாலும் நாங்கள் வீட்டில் இருந்திருக்கமாட்டோம். இருந்தாலும் மனதில் ஒரு மூலையில் கிடக்கிறது.

இனி எனது கதை.

என் தம்பியின் மனைவியை, எனது மச்சாளை, இந்தப் பகுதியை நெடுநாள் வாசிப்பவர்களுக்கு ஓரளவு தெரியும். முருங்கைக்கீரை வறை பற்றி எழுதியபோது அவவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். தம்பி 2009 ஏப்ரலில் செல்லில் போய்விட்டான். அதன்பிறகு அவவும், ஐந்து வயதும் இரண்டு வயதுமான இரண்டு பெண் பிள்ளைகளும், நானும் வவுனியாவில் ஒரு முகாமில் ஒரே கூடாரத்தில் இருந்தோம். அவவுக்கு அப்போதே சீனி வருத்தம். ஊசி இல்லை, குளிசைதான். காலையில் எழும்பியதும் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் போய் நிற்பா. ஒரு நாள் சாப்பாடு வரப் பிந்திவிட்டது. வரிசையிலேயே வியர்த்துக் கொட்டி, கண் இருண்டு விழுந்துவிட்டா. நான் அரைவாசி வயது தாதியாக வேலை செய்தவள். சீனி இறங்கிவிட்டது என்று பார்த்தவுடன் விளங்கியது. பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பிள்ளையிடம் இருந்த குளுக்கோஸ் பைக்கற்றைக் கரைத்துப் பருக்கி எழுப்பினேன்.

அன்று இரவு நான் அவவுக்கு ஒரு சட்டம் போட்டேன். "இனிமேல் சோறு கையில வராமல் மருந்து வாயில போடக்கூடாது. சாப்பாடு இல்லையெண்டால் மருந்தும் இல்லை." அந்த இடத்துக்கு அது சரியான சட்டம். எப்போது சாப்பாடு வரும் என்று தெரியாத இடத்தில், சீனியை இறக்கும் குளிசையை முன்கூட்டிப் போடுவது ஆபத்து. மச்சாள் அதைப் பிடித்துக்கொண்டா. 2010இல் கிளிநொச்சிப் பக்கம் சொந்தக் காணிக்குத் திரும்பிப் போனபிறகும் பிடித்துக்கொண்டா. 2015இல் குளிசை போதாது என்று இன்சுலின் ஊசி தொடங்கியபோதும் அதே சட்டத்தை ஊசிக்கும் வைத்துக்கொண்டா. நான் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டேன். அந்தச் சட்டத்தைச் சொன்னதையே மறந்துவிட்டேன்.

2021 மே 21ஆம் திகதி நாடு முழுவதும் பயணத்தடை போட்டார்கள். யூன் முதல் கிழமை மச்சாளுடன் தொலைபேசியில் கதைத்தபோது குரல் அடைத்திருந்தது.

"என்ன மச்சாள், குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை, மழையில நனைஞ்சிட்டன். தடிமன்."

யூன் மாதத்தில் கிளிநொச்சியில் என்ன மழை? எனக்கு அது உறைக்கவில்லை. அல்லது உறைத்தும் நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் தொற்று என்று தெரிந்தால் பஸ் வரும். நோயாளியைச் சிகிச்சை நிலையத்துக்கும், வீட்டிலுள்ளவர்களைத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கும் ஏற்றிக்கொண்டு போவார்கள். சீருடை, பதிவுக் கொப்பி, பெயர் கூப்பிடுதல், பைக்குள் இரண்டு உடுப்பு, எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று தெரியாமை. நோயைத் தடுக்கச் செய்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை பஸ்ஸில் ஏறி முகாமுக்குப் போனவர்களின் உடம்பு அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. மச்சாளுக்கு 17 வயதிலும் 14 வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள். "நான் போனால் இதுகளை ஆர் பாக்கிறது? இதுகளையும் எங்க கொண்டு போவாங்களோ?" என்று பின்னர் சொன்னா. அதனால் ஐந்து நாள் வெளியே சொல்லவில்லை.

ஆறாம் நாள் விடிய மூத்தவள் எனக்கு எடுத்தாள். தாய்க்குத் தெரியாமல் கிணற்றடியில் நின்று கதைத்தாள்.

"மாமி, அம்மா ஒரு மாதிரி மூச்சு விடுறா. ஓடிவந்த ஆக்கள் மாதிரி. ராத்திரி முழுக்கச் சத்தி. வயித்துக்குள்ள நோகுதாம். கூப்பிட்டால் உடன விளங்குதில்லை."

"சீனி பாத்தனீங்களோ?"

"ஊசிப் பட்டி முடிஞ்சு ரெண்டு மாசம் மாமி. வாங்கேல்லை."

"அம்மான்ர வாய்க்குக் கிட்டப் போய் மணந்து பார். என்ன மணம்?"

போய்விட்டு வந்தாள். "பழம் அழுகினமாதிரி ஒரு மணம்."

"ஊசி போட்டவவோ?"

"இல்லை. மூண்டு நாளாச் சாப்பாடு இறங்கேல்லை, அதால போடேல்லை. சாப்பிடாமல் போடக்கூடாது எண்டு நீங்கள்தானாம் சொன்னது."

என் கால் அந்த இடத்திலேயே நடுங்கத் தொடங்கியது. அன்று எனக்கு விளங்கியதை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல நேரமிருக்கவில்லை. "இப்ப உடன 1990க்கு அடி. அம்மாவுக்குச் சீனி, இன்சுலின் போடுறவ, மூண்டு நாள் போடேல்லை, காய்ச்சல், மூச்சு எண்டு இதே சொல்லிலயே சொல்லு" என்றேன். அம்புலன்ஸ் வந்தது. வைத்தியசாலையில் பார்த்தபோது இரத்தத்தில் சீனி 480. ஒட்சிசன் 89. கொரோனாவும் இருந்தது, இரத்தம் அமிலமாகியும் இருந்தது. 19 நாள் கிடந்து உயிரோடு வந்தா. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவருக்கும் சீனிதானாம், சிறுநீரகமும் பழுதாம். ஒருநாள் காலையில் அந்தக் கட்டிலுக்குப் புதுத் துணி விரித்திருந்தது என்று மச்சாள் சொன்னா. அதற்குமேல் அவரைப் பற்றி அவ கதைப்பதில்லை.

பிள்ளைகள் இருவரையும் பஸ் வந்து ஏற்றிக்கொண்டுதான் போனது. 14 நாள். மச்சாள் பயந்தது நடக்காமல் இல்லை. ஆனால் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கோழிகளையும் ஆட்டையும் முன்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டா.

இப்போது நடந்தது என்னவென்று விளக்குகிறேன். இதைத்தான் கடிதம் எழுதிய சகோதரி முக்கியமாகக் கவனிக்கவேண்டும்.

நாங்கள் சாப்பிட்டால்தான் சீனி ஏறும் என்று நினைக்கிறோம். சுகமாக இருக்கிற நாளில் அது பெருமளவு சரி. காய்ச்சல் நாளில் சரியில்லை. கொரோனாவோ வேறு தொற்றோ வந்தவுடன் உடம்பு அதனோடு சண்டை பிடிப்பதற்காகச் சில சுரப்புகளைக் கூட்டுகிறது. அவை ஈரலில் சேமித்து வைத்திருக்கும் சீனியை இரத்தத்துக்குள் தள்ளிவிடும். அதோடு இன்சுலினையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். அதனால் ஒரு பிடி சோறு இறங்காமலே சீனி 300, 400 என்று ஏறலாம். இந்த நேரத்தில் ஊசியையும் நிறுத்தினால் இரத்தத்தில் சீனி நிறையக் கிடந்தும் உடம்பின் கலங்களுக்கு அது கிடைக்காது. வீட்டில் நெல் மூட்டை அடுக்கிக் கிடக்க, திறப்பு இல்லாமல் பட்டினி கிடப்பது போல. பசிபொறுக்காத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதிலிருந்து வரும் கீற்றோன் என்ற பொருள்தான் இரத்தத்தை அமிலமாக்குகிறது. சத்தி, வயிற்று நோ, ஆழமான வேகமான மூச்சு, வாயில் பழ மணம், மயக்கம் எல்லாம் அதன் அடையாளம். மூச்சு வாங்குவதைப் பார்த்துக் கொரோனா நெஞ்சில் இறங்கிவிட்டது என்று மட்டும் நினைத்து, சீனியைப் பார்க்காமல் விட்ட இடங்களும் உண்டு.

ஆகவே இன்சுலின் போடும் சகோதரிகள் காய்ச்சல் நாளில் தாங்களாக ஊசியை முற்றாக நிறுத்தக்கூடாது. எவ்வளவு போடுவது என்பது சீனியைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கவேண்டிய விடயம். அதை உங்கள் கிளினிக் வைத்தியரிடமோ தாதியிடமோ சுகமாக இருக்கும்போதே கேட்டுக் கொப்பியில் எழுதுவித்து வையுங்கள். "எனக்குக் காய்ச்சல் வந்து சாப்பிட முடியாமல் போனால் எத்தனை அலகு போடவேண்டும்?" என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். அவர்களுக்கு நேரமில்லாவிட்டாலும் கேளுங்கள்.

குளிசைகளின் கதை வேறு. மெற்போமின் போடுபவர்களுக்குச் சத்தியோ வயிற்றோட்டமோ வந்து உடம்பில் நீர் வற்றினால், அதைச் சில நாள் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். சீனியை இழுத்து இறக்கும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்றவற்றைச் சாப்பாடே இல்லாமல் வழமைபோலப் போட்டால், அன்று முகாமில் நடந்ததுதான் நடக்கும். ஆகவே நான் அன்று சொன்னது அந்தக் குளிசைக்குப் பொருந்தும், ஊசிக்குப் பொருந்தாது. இதை அப்போதே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். எது ஊசி, எது குளிசை, எந்தக் குளிசை என்று பெயர் தெரியாமல் "வெள்ளைக் குளிசை, பெரிய குளிசை" என்று சொல்லிக்கொண்டு இருப்பவர்கள் எம்மிடையே நிறையப்பேர். மருந்தின் பெயரை ஒரு தடவை பிள்ளைகளைக் கொண்டாவது எழுதுவித்துக் கொள்ளுங்கள்.

காய்ச்சல் நாளில் வாய்க்கு எது இறங்குகிறதோ அதைச் சிறிது சிறிதாக எடுங்கள். உப்புக் கஞ்சி நல்லது. தண்ணீர், மல்லி அவித்த தண்ணீர், சீனி போடாத தேநீர் என்று மணித்தியாலத்துக்கு ஒரு கோப்பையாவது உள்ளே போகவேண்டும். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் வைத்தியர் சொன்ன அளவு. மல்லித் தண்ணீர் தொண்டைக்கு இதம், கொரோனாவுக்கு மருந்து அல்ல. 2020இல் எங்கள் ஒழுங்கையில் ஒரு கசாயம் ஓடித் திரிந்தது. கருப்பட்டி நிறையப் போட்டது. சீனி வருத்தக்காரரும் நாளுக்கு மூன்று தடவை குடித்தார்கள்.

சீனி பார்க்கும் கருவி உள்ளவர்கள் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பாருங்கள். தொடர்ந்து இரண்டு தடவை 250க்கு மேலே நின்றாலும், 70க்குக் கீழே வந்து சீனித் தண்ணீர் குடித்தும் ஏறாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். கருவி இல்லாதவர்களே எம்மில் அதிகம். பட்டியின் விலையில் ஒரு நாள் சாப்பாட்டை முடிக்கலாம். கருவி இல்லாவிட்டால் உடம்பைப் பாருங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சலம், நிற்காத சத்தி, பழ மணம், குழப்பமான பேச்சு. இவற்றில் ஏதாவது வந்தால் அது வீட்டில் பார்க்கும் வருத்தம் அல்ல.

மூச்சைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கொரோனாவில் ஒட்சிசன் இறங்குவது சிலருக்கு உணரவே வராது. சிரித்துக் கதைத்துக்கொண்டு இருப்பார்கள், விரலில் கருவியை மாட்டினால் 88 காட்டும். 94க்குக் கீழே வந்தால் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கருவி இல்லாத இடத்தில், படுத்திருப்பவரின் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 24க்கு மேலே போனாலோ, ஒரு வசனத்தை மூச்சு விடாமல் முடிக்க இயலாவிட்டாலோ போகவேண்டியதுதான்.

சீனி கூடுதலாக உள்ள இரத்தத்தில் வெள்ளைக் கலங்கள் மந்தமாகிவிடுகின்றன. வருடக்கணக்காகச் சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களும் சிறுநீரகமும் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். கொரோனாவும் அதே குழாய்களில்தான் கைவைக்கிறது, இரத்தத்தைக் கட்டிபட வைக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதால்தான் வருத்தம் பாரமாகிறது.

வைத்தியமும் சீனியைக் கூட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. டெக்சாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் மருந்து, ஒட்சிசன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளின் இறப்பைக் குறைக்கிறது என்று 2020 யூனில் பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வில் கண்டார்கள். விலை குறைந்த பழைய மருந்து அது. எத்தனையோ உயிரைக் காத்தது. ஆனால் அது சீனியைக் கடுமையாக ஏற்றும். ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனும் இல்லை. 2021ஆம் ஆண்டு இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியதை வானொலியில் கேட்டிருப்பீர்கள். கண்ணையும் மூக்கையும் தின்ற அந்தப் பூஞ்சை பெரும்பாலும் சீனி கட்டுப்பாடில்லாமல் இருந்தவர்களையும், ஸ்டெரொயிட் எடுத்தவர்களையும்தான் பிடித்தது. ஆகவே மருந்துக்கடையில் "காய்ச்சலுக்கு ஒரு நல்ல குளிசை தாங்கோ" என்று வாங்கி விழுங்கவேண்டாம். வைத்தியரிடம் போனால் முதல் வசனமே "எனக்குச் சீனி வருத்தம்" என்பதாக இருக்கட்டும்.

மச்சாளின் கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது கிளினிக் நின்றது. சில கிழமைகளில் தபால் மூலம் மருந்தை வீட்டுக்கு அனுப்பும் ஒழுங்கு வந்தது, நல்ல ஒழுங்கு. ஆனால் அடுத்தது எப்போது வரும் என்ற நிச்சயம் அவவுக்கு இருக்கவில்லை. எனவே வந்த மருந்தைப் பாதியாக்கினா. இரண்டு நேர ஊசியை ஒரு நேரமாக்கினா. முடியாமல் போகும் என்று பயந்து மிச்சம் பிடிப்பது எமக்குப் பழகிப்போன விடயம். அரிசியை, மாவை, சவர்க்காரத்தை மிச்சம் பிடித்து உயிர் தப்பியவர்கள் நாங்கள். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதும் பலர் இதைத்தான் செய்தார்கள். ஆனால் மருந்தை மிச்சம் பிடிப்பது அரிசியை மிச்சம் பிடிப்பது போல அல்ல. தொற்று வரும் நாளில் அந்த ஒரு வருடக் கூடின சீனிதான் முன்னால் வந்து நிற்கும். மருந்து குறைகிறது என்றால் பாதியாக்குவதற்கு முதல் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். சில நேரம் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாதபடியால் ஊசி மருந்தை வீட்டில் வைத்திருக்கப் பயப்படுபவர்களும் இருக்கிறார்கள். வன்னியில் நாங்கள் என்ன செய்தோம்? மண்சட்டியில் ஈர மணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டியை வைத்து, அதற்குள் மருந்துப் போத்தலை வைத்து நனைந்த துணியால் மூடினோம். சனம் பகிடியாக "கரண்ட் இல்லாத பிறிட்ஜ்" என்றது. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவிலுள்ள ஓர் அகதி முகாமில் அளந்து பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். 25 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு கிழமை வைத்தும் இன்சுலின் தன் வலுவை இழக்கவில்லை. ஆகவே பாவனையிலுள்ள போத்தலை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நான்கு கிழமை வைக்கலாம். திறக்காத போத்தல்கள் அயல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். உறைபெட்டிக்குள் வைக்கக்கூடாது. உறைந்த மருந்தை எறியவேண்டியதுதான்.

தடுப்பூசி பற்றி. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2021 மே 30ஆம் திகதி சினோபாம் ஊசி போடத் தொடங்கினார்கள். நான் அந்த முதல் கிழமையிலேயே போட்டேன். மச்சாளின் இடத்துக்கு அப்போது வந்திருக்கவில்லை. வந்தபிறகு வைத்தியர் சொன்ன இடைவெளி விட்டுப் போட்டா. அதற்குப் பிறகு 2022இல் அவவுக்கு இன்னொரு தடவை கொரோனா வந்தது. நான்கு நாள் காய்ச்சல், இருமல், ஊசியை நிறுத்தவில்லை, வீட்டிலேயே சுகம். ஒருவரின் கதையை வைத்து ஊசியின் வலுவை அளக்க முடியாது, ஆனால் உலகெங்கும் பார்த்ததும் அதுதான். ஊசி தொற்றை முற்றாகத் தடுக்காது, வருத்தம் கடுமையாவதைக் குறைக்கும். உங்களுக்கு இனி இன்னொன்று தேவையா, இப்போது கிடைக்குமா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். கிளினிக் வரிசையில் நிற்கும்போது மட்டும் முகக்கவசத்தை விடாதீர்கள். அங்கே முன்னுக்கும் பின்னுக்கும் இருமுவது உங்களைப் போன்ற இன்னொரு வருத்தக்காரர்தான்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்களுக்கு வந்தது கொரோனாவா, வேறு காய்ச்சலா என்று இப்போது சொல்ல முடியாது. எட்டு நாளில் எழும்பிவிட்டீர்கள், நல்லது. ஆனால் இந்த மாதம் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்காமல் வெறும் வயிற்றில் சீனியை ஒருக்கால் பாருங்கள். தொற்றுக்குப் பிறகு சிலருக்குச் சீனி பல கிழமை இறங்காமல் நிற்கிறது. அதுவரை சீனி இல்லாதவர்களில் சிலருக்குக் கொரோனாவுக்குப் பிறகு புதிதாகக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். இன்று வீட்டுக்குப் பஸ் வராது. உங்களையும் கொண்டுபோகமாட்டார்கள், பிள்ளைகளையும் கொண்டுபோகமாட்டார்கள். இருந்தாலும் அந்தப் பயம் உடனே போகாது என்பது எனக்குத் தெரியும். போகாவிட்டால் கிடக்கட்டும். அதோடு சேர்த்து ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் நிற்க நேர்ந்தால் பிள்ளையோடு யார் இரவில் படுப்பது, ஆட்டுக்கு யார் குழை போடுவது என்று இப்போதே ஒருவரிடம் கதைத்து வையுங்கள். கிளினிக் கொப்பி, இரண்டு கிழமை மருந்து, ஒரு சேலை, தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆணியில் கொழுவி விடுங்கள்.

மச்சாள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இப்போது அப்படி ஒரு பை தொங்குகிறது. முந்தி ஓடுவதற்குக் கட்டிவைத்த அதே பைதான், தோள்வார் மட்டும் புதிது. பெரிய மகள் அதில் மருந்தின் பெயரையும், காய்ச்சல் நாளில் எத்தனை அலகு என்பதையும் எழுதி ஒட்டியிருக்கிறாள். அடியில் "மாமி முந்திச் சொன்னது இனிச் செல்லாது" என்றும் எழுதியிருக்கிறாள். போன முறை போனபோது பார்த்துச் சிரித்தேன்.

நடக்கும்போது பாதம் விறைக்கிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். செல் காயம் பட்ட காலில் சீனியும் சேர்ந்தால் என்ன செய்வது என்று அடுத்த இதழில் எழுதுகிறேன்.